கிராதியில் ஓர் இடம்

லூசியானாவின் கரும்புக்காட்டுக் கோயிலில் ஞாயிறு பூசை. வெள்ளைக்காரர்கள் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, நற்கருணை அப்பத்துக்காக நாக்கை நீட்டிக் காத்திருக்கிறார்கள். அவர்களில் கடைசி ஆள் எழுந்த பிறகுதான் கறுப்பர்களுக்கு நற்கருணை, அதுவரை பின்பெஞ்சு. ஒடீல் நாற்பது வருடமாக அங்கேதான் உட்கார்கிறாள். இன்று பூசை வைக்க வந்திருக்கும் பேராயர் லாந்திரனோ நீட்டிய நாக்குகளையெல்லாம் கடந்து, கிராதிக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்து, நற்கருணைக் கிண்ணத்தோடு பின்பெஞ்சுக்கு வருகிறார். கோபத்தில் அவர் காது சிவந்திருக்கிறது. கோயில் நிர்வாகி தெரியோ பேராயருக்குக் குறுக்கே வருகிறார். "ஆண்டவரே, அவங்க முறை கடைசியிலதான்." "யாரு வச்ச முறை? இயேசு வச்சாரா, நீ வச்சியா? தள்ளு!" பேராயர் அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு, ஒடீலிடம் அப்பத்தை நீட்டுகிறார். அவள் வாயைத் திறக்காமல், வெந்நீரில் வெந்துபோன விரல்களால் பெஞ்சை இறுகப் பற்றுகிறாள். பிறகு எழுந்திருக்கிறாள். "இங்க கொண்டாந்து குடுத்தா இதுவும் பின்பெஞ்சுதானே, ஆண்டவரே? சனிக்கிழமை தவறாம அந்தக் கிராதியத் தேய்ச்சுத் துடைக்கிறவ நான். அங்க வந்து குடுங்க." அவள் முன்னே நடக்கிறாள், பேராயர் பின்னால் வருகிறார். கிராதியிலிருந்து ஒரு சீமாட்டி விருட்டென்று எழுந்து போகிறாள். அவள் விட்டுப்போன சூடு ஆறாத மெத்தையில் ஒடீல் முழங்காலிட்டு நாக்கை நீட்டுகிறாள். கண்ணை மட்டும் மூடவில்லை.