நாலு விநாடிச் சிரிப்பு

“மறுபடியும் மழுப்புறீங்க கவர்னர்! அந்த ஆள் அழுதப்ப நீங்க எதுக்குச் சிரிச்சீங்க? நேரா பதில் சொல்லுங்க!”

கேட்டவர் மார்சி, பிரசாரக் குழுவின் தலைவி. அதிபர் தேர்தலின் கடைசி விவாதம் நாளைக்கு. இன்று ஓஹையோ ஓட்டல் ஒன்றின் அரங்கில் ஒத்திகை. எதிராளியாக நடிக்க ஓர் ஆள் உண்டு. அறைக்குள் யாரும் வேடம் கலைக்கக் கூடாது என்பது மார்சி போட்ட சட்டம்.

எல்டன், கவர்னரின் அடையாளமான சிவப்பு டையைத் தளர்த்திக்கொண்டார். கண் கூசும் விளக்குகளுக்கு அப்பால் அந்தக் காகித ஆலை மிதந்து வந்தது. பூட்டிய கதவு, வேலை போய்த் தொப்பியைக் கையில் பிடித்தபடி அழும் தொழிலாளி, பக்கத்தில் கவர்னரின் சிரிக்கும் முகம். கொஞ்ச நாளாகத் தூக்கத்திலும் இதே காட்சிதான்.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய யானையைத்தானே டி.வி. திரும்பத் திரும்பக் காட்டுகிறது! மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடம் கட்டிய மனிதர் என்ற பெயரெல்லாம் போய், பொடிசுகள்கூட ‘பல்லிளிச்சான் கவர்னர்’ என்கிறார்கள். எல்லாம் நாலு விநாடிச் சிரிப்பால்.

“உங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதுன்னு ஜனங்க சொல்றாங்க,” என்று குத்தினார், எதிர் மேசையில், போட்டி வேட்பாளரான செனட்டரின் இடத்தில் நின்ற பெண்மணி. “உங்களை நம்பி நாட்டை எப்படிக் கொடுக்கிறது?”

எழுதித் தந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. எல்டன் அதை விழுங்கிவிட்டார். உடம்பு பஞ்சாகி, யாரோ தன் வழியாகப் பேசுவதுபோல் இருந்தது.

“ஆமாம்மா, சிரிச்சேன். எங்கப்பாவைப் புதைச்ச அன்னிக்கும் சிரிச்சேன். எங்கம்மா எல்லார் முன்னாலயும் அறைஞ்சாங்க. துக்கம் தாங்கலைன்னா என் மூஞ்சி அப்படித்தான் கோணிக்கும். அன்னிக்கு வண்டியில ஏறினதும் தேம்பித் தேம்பி அழுதேன். அங்க கேமரா இல்ல.”

ஏணி மேலிருந்த விளக்குக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதை யார் எழுதிக் கொடுத்தது?” மார்சியின் குரல் இறங்கியிருந்தது.

“யாருமில்ல. தானா வந்துச்சு.”

“நாளைக்கு மேடையில இதைச் சொன்னா, அந்த வீடியோ அதோட செத்துது. கவர்னர்தான் அடுத்த அதிபர்.”

எல்டனுக்கு நெஞ்சு நிறைந்தது. போன மானம் திரும்பி வந்துவிடும்!

எதிர் மேசைப் பெண்மணி மெல்ல நடந்து வந்து, அந்தச் சிவப்பு டையைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

“வேஷம் கட்டினது போதும் எல்டன். நிஜ கவர்னருக்கு இந்தப் பதில் தோணிடக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கோ,” என்றார் வேட்பாளர் செனட்டர் பெல்லமி. “ஆமா, நீ என் கட்சி ஆளுதானே... உன் ஓட்டு யாருக்கு?”

எல்டன் அவர் கையிலிருந்து டையை வாங்கி, மறுபடியும் கழுத்தில் கட்டிக்கொண்டார்.