மாதேஸ்வரியின் வரிகள்

"வணக்கம்" வரை அவளுக்குச் சரியாகப் போனது.

அடுத்த வரி மாதேஸ்வரியுடையது. அதைச் சொல்ல அவள் பக்கத்தில் மாதேஸ்வரிக்குப் பதிலாக ஹர்ஷினி நின்றுகொண்டிருந்தாள்.

மண்டல அளவிலான அறிவியல் கண்காட்சி. எழுபத்திரண்டு மேஜைகள். அவளும் மாதேஸ்வரியும் செய்த தண்ணீர் வடிகட்டிக்கு நாற்பத்தொன்று. ஒரு மாடலுக்கு இரண்டு மாணவிகள் நிற்க வேண்டும், ஒருத்தி குறைந்தாலும் மேஜை கிடையாது. அதனால் அறிவியல் சார் காலையில் ஹர்ஷினியை வேனில் ஏற்றிக்கொண்டார். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே ஹர்ஷினி தாளைப் பார்த்து மனப்பாடம் செய்தாள். பாவம், ஹர்ஷினி மேல் ஒரு தப்பும் இல்லை.

முதல் வரி ஒருத்தி, இரண்டாம் வரி இன்னொருத்தி. சார் அப்படித்தான் பழக்கியிருந்தார். மாறி மாறிச் சொன்னால் நடுவர்களுக்கு அலுக்காதாம்.

"எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம்" என்றாள் அவள்.

"அதனால் எங்கள் பற்களில் பழுப்புக் கறை விழுகிறது" என்றாள் ஹர்ஷினி, பளிச்சென்ற பற்களோடு.

அந்த வரிக்கு மாதேஸ்வரி தன் பல்லைக் காட்டுவாள். யார் முன்னாலும் வாய்விட்டுச் சிரிக்காதவள், அந்த ஒரு வரிக்கு மட்டும் ஈ என்று இளிப்பாள். மாவட்டத்தில் பரிசு கிடைத்ததே அதற்காகத்தான்.

மாதேஸ்வரிக்குக் காய்ச்சல். பதிவு செய்யும் இடத்தில் சார் அப்படித்தான் சொன்னார்.

காய்ச்சல் இல்லை. கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலையில். இன்று வெள்ளி.

மாதேஸ்வரிக்குப் பதினாறு வயது.

மாப்பிள்ளை, மாதேஸ்வரியோடு சேர்ந்து மாடல் செய்த அவளுடைய சொந்த அண்ணன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாதேஸ்வரியை அவள் அண்ணி என்று கூப்பிட வேண்டும்.

அண்ணன் கெட்டவன் இல்லை. பால் வண்டி ஓட்டுகிறான். இந்த மாடலுக்குக் குழாய் வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். மாதேஸ்வரி சூளையிலிருந்து உடைந்த செங்கல் கொண்டுவந்தாள். தினமும் சாயங்காலம் மாதேஸ்வரி அவள் வீட்டுக்கு வர, வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் உடைத்தார்கள், சலித்தார்கள், கழுவிக் குழாயில் நிரப்பினார்கள். மாதேஸ்வரி குனிந்த தலை நிமிரவில்லை. அம்மாவுக்கு மருமகளாகப் பிடித்துப்போய்விட்டது.

செங்கல் சலிக்கிறவள் குனிந்துதான் சலிப்பாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டால் யார் என்ன செய்வது?

"ரெண்டு பேரும் இனிமே ஒரே வூட்டுல இருக்கலாம். வேற என்னடி வேணும் உனக்கு?" என்றாள் அம்மா.

மாடல் செய்ய வீட்டுக்கு வாடி என்று மாதேஸ்வரியைக் கூப்பிட்டது அம்மா இல்லை. அவள்தான்.

அன்று ராத்திரி அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. சோறு மட்டும் வழக்கம்போல் இறங்கியது. அதுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். வடிந்த தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தச் செங்கல் எத்தன நாளைக்கும்மா உழைக்கும்? எப்ப மாத்தணும்?"

ஹர்ஷினியின் தாளில் அது இல்லை. ஹர்ஷினி அவளைப் பார்த்தாள்.

"அது மாதேஸ்வரிக்குத்தான் தெரியும். அவதான் தெனமும் டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதுவா" என்றாள் அவள்.

நடுவர் பட்டியலைப் புரட்டினார். "ஆமா, அந்தப் பேருதான் இருக்கு. எங்க அவ?"

"காய்ச்சல் மேடம்" என்றார் சார், பின்னாலிருந்து.

"நல்லா பண்ணியிருக்காங்க சார். மாநிலத்துக்கு எழுதலாம்னு பாக்குறேன். ஆனா வேலை செஞ்ச பொண்ணே வந்து சொல்லணும். அடுத்த மாசம் வந்துடுவா இல்ல?"

"கண்டிப்பா வந்துடுவா மேடம்."

நடுவர் அவள் பக்கம் திரும்பினார். "வந்துடுவாளாம்மா?"

தலையாட்டினால் போதும். மாநிலப் போட்டி. சென்னை. வாயைத் திறந்தால் பந்தக்கால் நட்ட வாசலுக்குப் போலீஸ் வரும். முதலில் அண்ணனைத்தான் ஏற்றுவார்கள். அப்புறம் அம்மா அவள் முகத்தில் விழிக்கமாட்டாள்.

எல்லாம் தெரிந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

ஒப்பிக்கிற குரல்தான் வந்தது. அவளிடம் வேறு குரல் இல்லை.

"வர மாட்டா மேடம். ஞாயித்துக்கெழம அவளுக்குக் கல்யாணம். வயசு பதினாறு."

சார் இருமினார். "அது வந்து மேடம், அவங்க குடும்ப விஷயம்..."

நடுவர் அவரைப் பார்க்கவில்லை. மதிப்பெண் தாளைத் திருப்பிப் போட்டார். அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள்.

எந்தத் தெரு, எந்தக் கோயிலில் கல்யாணம், எத்தனை மணிக்கு. ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

"மாப்பிள்ளை பேரு?"

"கோ. திம்மராஜ்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. நடுவர் நிமிர்ந்து அவள் துப்பட்டாவில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தார். அதிலும் முதலில் கோ. என்றுதான் இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

பக்கத்து மேஜையில் யாரோ எரிமலைக்கு வினிகர் ஊற்றினார்கள். கைதட்டல் கேட்டது.

"இன்னிக்கு நீ எப்படிம்மா வீட்டுக்குப் போவ?"

"ஸ்கூல் வரைக்கும் வேன்ல மேடம்" என்றாள். "அங்கேர்ந்து அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவும்."