குங்குமம் வைத்த லேப்டாப்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் வந்ததும் எல்லோரும் அவரவர் லேப்டாப்பை எடுத்துப் பொட்டைத் துடைத்துவிட்டோம். பூங்கொடியுடையது மட்டும் சரஸ்வதி படத்துக்கு முன்னால், சந்தனமும் குங்குமமும் காய்ந்து, அப்படியே இருந்தது. அவள் வெறும் மேசை முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் செய்வது ஆம்புலன்ஸ் கூப்பிடும் செயலி. மூச்சுத்திணறலோடு கூப்பிடுகிறவருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியைப் பட்டியலில் கீழே தள்ளி, எங்களோடு ஒப்பந்தம் போட்ட தூரத்து ஆஸ்பத்திரியை முதலில் காட்டும்படி மாற்றச் சொல்லி அவளுக்கு உத்தரவு. "பூஜைதான் முடிஞ்சிடுச்சேம்மா, எடுக்கலாம்ல?" என்றார் மேலாளர் வரதன். "எடுத்தா அந்த வேலையத்தான் சார் செய்யணும். அது சாமிகிட்டயே இருக்கட்டும்." குரலில் கோபமே இல்லை, அதுதான் எங்களைக் கலக்கியது. அவளை வேலையை விட்டே தூக்கக்கூடிய மனிதர், தானே போய் அந்த லேப்டாப்பை எடுக்கக் கை நீட்டினார். குங்குமத்துக்கு அருகே போன விரலை இழுத்துக்கொண்டார். "நீ பண்ணிடு, எட்வின்" என்றார் என்னிடம். எழுந்தேன். எனக்கு அந்தச் சாமியோடு பழக்கமில்லை. பொட்டுத் துடைத்த என் லேப்டாப்பைக் கொண்டுபோய் அவளுடையதன் பக்கத்தில் வைத்தேன். வரதன் சார் அடுத்து யாரைக் கூப்பிடலாமென்று அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் தலை குனியவில்லை.