சத்தம் போகாத கண்ணாடி

"சத்தம் மட்டும் துளிகூட வெளிய போகக் கூடாதுண்ணே," என்று கணவன் கிசுகிசுத்தான். பக்கத்தில் நின்ற மனைவி தரையைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் ஆட்கள். ஷெட்டில் தாத்தா காலத்துக் கார் சும்மா நிற்கிறது. பாவம், சின்னஞ்சிறுசுகள் வேறு எங்கேதான் போகும்?

"இந்த வண்டிக்குக் கண்ணாடி இப்ப எந்தக் கடையிலும் கிடைக்காது. அட்டையில அளவெடுத்து, ரெண்டு அடுக்கா செஞ்சு மாட்டிடறேன்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல கறுப்பாவே போட்டுடலாம். உள்ள என்ன நடக்குதுன்னு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"கறுப்பு வேணாம்ணே. நாங்க உள்ள இருக்கிறது எல்லாருக்கும் பளிச்னு தெரியணும்," என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் கையிலிருந்த டேப் நழுவிக் கீழே விழுந்தது. உலகம் இவ்வளவு தூரம் போய்விட்டதா? தன்னிடம் மட்டும் யாரும் சொல்லவே இல்லையே!

அடுத்த வாரம் நாலு கதவுக்கும் கண்ணாடி மாட்டி, ரப்பரை அழுத்தி முடித்தார். "உக்காந்து பாருங்க," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இருவரும் முண்டியடித்து ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வாசலில் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதறிப்போன கண்ணாடிக்காரர், காரை மறைத்தபடி நின்றார்.

"தள்ளுங்க தம்பி, மறைக்குது."

வேறு வழியில்லாமல் தள்ளி நின்றார். உள்ளே இருவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகள் நடுவில் மாமியாருக்கு ஒரு டாட்டா வேறு காட்டினாள்.

"எப்படிக் கொஞ்சிக்குதுங்க பாருங்க!" மாமியார் பூரித்துப்போனார். "அஞ்சு வருஷத்துல ஒரு வார்த்தை உரக்கப் பேசினதில்ல. பேசினா நாங்கதான் விட்டுடுவோமா? குடும்பமே சுத்தி உக்காந்து விசாரிச்சிட மாட்டோம்?"

ரப்பர் ஓரமாக வெளிச்சத்தம் ஏதும் உள்ளே கசிகிறதா என்று அவர்களிடம் கேட்க, கண்ணாடிக்காரர் காரைத் தட்டினார். உள்ளே கேட்கவில்லை. கதவை லேசாகத் திறந்தார்.

மருமகள் சிரிப்பு மாறாமல் திரும்பினாள்.

"சீக்கிரம் சாத்துங்கண்ணே! இவரை இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கல!"