ரிட்டயர் ஆகட்டும், ரோசி

ரோசம்மாள் காப்பி டம்ளரோடு அறைக்குள் நுழைந்ததும், சகாயநாதன் கையிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலைச் சட்டென்று பீரோவுக்குள் தள்ளிப் பூட்டினார். சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. பென்ஷன் பேப்பர்."

பென்ஷன் பேப்பரைப் பார்த்து யாராவது கண் கலங்குவார்களா என்று அவள் கேட்கவில்லை.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவர் ஓய்வு பெற்று நாற்பது நாள்தான் ஆகிறது. மகள் கேத்தரின் விடாப்பிடியாகச் சொன்னதால் இருவரும் போய் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார்கள். ரிப்போர்ட் வாங்க அவர் மட்டும் போனார். திரும்பி வந்து, "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல" என்றார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப் போய்விட்டது. முப்பது வருஷமாக விட முடியாத சிகரெட்டை அன்றைக்கே விட்டிருந்தார்.

அதைவிட அவளைப் பயமுறுத்தியது அவருடைய அவசரம். கல்யாணமான நாளிலிருந்து எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் வரும்: "ரிட்டயர் ஆகட்டும், ரோசி." பூண்டி மாதா கோயிலில் ஓர் இரவு தங்குவதற்கும் அதே பதில், முக்கொம்புக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதற்கும் அதே பதில். ஷிஃப்ட் மாறி மாறி முப்பத்திமூன்று வருஷம் போன வழியே தெரியவில்லை. கேத்தரினுக்குச் சடை பின்னிவிட்டது போன வாரம் போல இருக்கிறது. அவளுக்கே இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை.

இந்த வாரம் திங்கட்கிழமை பூண்டி. புதன்கிழமை முக்கொம்பு. "வெயில் கொளுத்துதுங்க, நாளைக்குப் போலாமே" என்றாள்.

"நாளைக்கு வேற இருக்கு. கெளம்பு" என்று அவர் செருப்பை மாட்டினார்.

வியாழக்கிழமை காலை, நோட்டும் பென்சிலுமாகச் சமையலறைக்கே வந்து நின்றார்.

"சாம்பாருக்குப் புளி எவ்வளவு?"

"எலுமிச்சம்பழ அளவு."

"எந்த எலுமிச்சம்பழம்? பெருசா, சின்னதா?"

"ஏங்க, முப்பத்திமூணு வருஷம் கழிச்சு இப்பதான் அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சுதா?"

"சிரிக்காத. கேஸ் தீர்ந்தா எந்த நம்பருக்குப் பேசுவ? பால்காரர் பேரு என்ன? எல்லாம் சொல்லு." எழுதும்போது பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனார். அவளோடு பள்ளியில் படித்த ரங்கநாயகியின் வீடு அங்கேதான். இவர்கள் இருக்கும் கே.கே. நகரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். ஆனாலும் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் கணக்கு டீச்சர் மாதிரி பேசிக்காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கிளம்பும்போது சகாயநாதன் ரங்கநாயகியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். திரும்பி வந்தவள் ரோசம்மாளின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவே இல்லை.

"ஏண்டி, நான் என்ன அமெரிக்காவுக்கா போறேன்? காவேரியத் தாண்டினா வீடு."

"அடுத்த வாரமும் வாடி. கண்டிப்பா வாடி" என்றாள் ரங்கநாயகி. குரல் உடைந்திருந்தது.

இவளிடம் சொல்லத் தெரிந்தவருக்கு, கட்டினவளிடம் சொல்லத் தெரியவில்லை என்று ரோசம்மாள் நினைத்துக்கொண்டாள். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. 'டாக்டர் எத்தனை நாள்னு சொன்னாரு?' என்று கேட்க வாயெடுத்தாள். பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் காற்று படாமல் ஜன்னலை இழுத்து மூடினாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவரே பேசினார்.

"நாளைக்கு முதல் வெள்ளி. பங்குச் சாமியார நம்ம வீட்டுக்கும் வரச் சொல்லியிருக்கேன்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பூசுதலுக்கு. மத்தத அவரே சொல்லட்டும் ரோசி. எனக்கு வாய் வரல."

மாதத்தின் முதல் வெள்ளியன்று சாமியார் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போவார். நோய் முற்றியவர்களுக்கு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசிச் செபிப்பார். ரோசம்மாளின் அப்பாவுக்கு அப்படிப் பூசினார்கள். அதற்குப் பிறகு அவர் நான்கு நாள்தான் இருந்தார்.

அவர் கழற்றிய செருப்பை அவள் ஓரமாக எடுத்து வைத்தாள். "எதுவும் சொல்ல வேணாங்க. எனக்குத் தெரியும். நான் இருக்கேன்ல" என்றாள்.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

காலையில் அவள் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபச் சிலுவையை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, தோளை அழுத்தி அவரை அதில் உட்கார வைத்தாள்.

"ரோசி, நான் வந்து..."

"பேசாம உக்காருங்க. ஃபாதர் வந்துட்டாரு."

சாமியார் கழுத்தில் ஊதாத் துண்டை அணிந்துகொண்டு, எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். சகாயநாதன் கைகளை இறுக மூடிக்கொண்டார். ரோசம்மாள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கைகளைச் சாமியார் பக்கமாக ஏந்திக் காட்டினாள்.

சாமியார் அந்தக் கைகளைத் தொடவில்லை.

"அவருக்கில்லம்மா. நீங்க உக்காருங்க."