மாதிரிக் கை

ஆழ்வார்பேட்டை பங்களாவில் சோழர் கால டிவி சீரியலுக்கு மேக்கப் நடக்கிறது. கதைப்படி ராணி கறுப்பு என்று சொல்லித்தான் தேவானையைக் கூட்டிவந்தார்கள். ராத்திரியே ராணியின் வசனத்தை நெட்டுருப் போட்டுவிட்டாள். பல்புகள் எரியும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பதோ வெள்ளைவெளேரென்று ஒரு பம்பாய் நடிகை. மேக்கப்மேன் தணிகாசலம் தேவானையின் கையை இழுத்து நடிகையின் கன்னத்தோடு ஒட்டிவைத்து, கன்னத்துக்கு அந்த நிறம் வரும்வரை மையைக் குழைத்துக் குழைத்துப் பூசுகிறார். மை சில்லென்று தேவானையின் முழங்கையில் வழிகிறது. "வசனம் சொல்லட்டாண்ணே?" என்கிறாள். "வசனம் இன்னாத்துக்கு? ஆடாத நில்லு, கலர் பாத்துக்கினு கீறேன்ல." டைரக்டர் எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறார். "இவ்ளோ கறுப்பா? ராணின்னு எவன்யா நம்புவான்? கொறை." தணிகாசலம் கையை விட்டுவிடுகிறார். கீழே போடத் தோன்றாமல் தேவானை அதை நீட்டியபடியே நிற்கிறாள்.