தூச்கா யார் குதிரை?

நிக்கனோர் தன் குதிரையை அதன் இடக்காதை வைத்துத்தான் கண்டுபிடித்தான்.

குட்டியில் நாய் கடித்து நுனி போன காது. டான் நதிப் புல்வெளியில் இரண்டு குதிரைப்படைகளும் மோதிய புழுதிக்குள்ளும் அது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தூச்கா! அவன் கையால் தீனி தின்று வளர்ந்த தூச்கா. அவள் முதுகில் எவனோ ஒரு செம்படைக்காரன். இதைவிட அக்கிரமம் உண்டா?

குளிர்காலத்தில் தொப்பியில் செம்படையின் சிவப்பு நட்சத்திரம் குத்திய நான்கு பேர் வந்து அவளை லாயத்திலிருந்து அவிழ்த்துப் போனார்கள். தடுத்த அவன் மனைவியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். அதுவரை எந்தப் படையின் சங்காத்தமும் வேண்டாம் என்றிருந்தவன், மறுநாளே போய் செம்படையை எதிர்த்த வெள்ளைப் படையில் சேர்ந்தான்.

கொசாக் குதிரைவீரன் என்றால் சொந்தக் குதிரையில்தான் போருக்கு வர வேண்டும். அவனோ மச்சானின் உழவுக்குதிரையில் வந்து நின்றான். "நிக்கனோரு, கலப்பைய எங்கடா விட்டே?" என்று பட்டாளமே சிரித்தது.

அத்தனை சிரிப்புக்கும் சேர்த்து இன்று அந்தக் கிழட்டுக் குதிரையை விலாவில் உதைத்தான்.

"எறங்குடா, திருட்டு நாயே! அது என் குதிரை!"

அம்மைத் தழும்பு முகத்துடன் செம்படைக்காரன் திரும்பினான். அவனுக்கும் நிக்கனோர் வயதுதான் இருக்கும்.

"நான் திருடலைய்யா! இது உங்க..."

நிக்கனோர் முடிக்க விடவில்லை. வாளை ஓங்கி இறக்கினான்.

பொழுது சாய்வதற்குள் செம்படை ஆற்றைக் கடந்து ஓடிவிட்டது. நிக்கனோர் தூச்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதான். பிறகு ஒரு பிடி புல்லைப் பிடுங்கி வாளைத் துடைக்க ஆரம்பித்தான்.

அன்றுதான் துணைக்கு வந்து சேர்ந்த இன்னொரு வெள்ளைப் பிரிவின் கேப்டன் ஓட்டமாக வந்தார்.

"அடி என் செல்லமே! போன வாரம் மாவு மில்லுகிட்ட நடந்த சண்டையில இவளப் பறிகொடுத்துட்டேம்ப்பா. மீட்டுட்டியே, சபாஷ்!"

"இவ... உங்களுக்கு எப்படிங்க கெடைச்சா?"

கேப்டன் கண்ணைச் சிமிட்டினார்.

"கேட்டா எந்தக் கொசாக்குடா குதிரையக் குடுப்பான்? நம்ம பயலுவ நாலு பேரு தொப்பியில நட்சத்திரத்தக் குத்திக்கிட்டுப் போயி அவுத்துட்டு வந்தானுவ. நமக்குக் குதிரையும் ஆச்சு. பறிகொடுத்தவன் ஆத்திரத்துல ஓடியாந்து சேர்றான், படைக்கு ஆளும் ஆச்சு."

சிரித்தபடியே கடிவாளத்துக்குக் கை நீட்டினார்.

வாளில் ரத்தம் இன்னும் பாதி துடைக்கப்படாமல் இருந்தது. நிக்கனோர் புல்லைக் கீழே போட்டான்.

வாளைப் போடவில்லை.